விதைக்கும் நாளில் வராத நிவாரணம்

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. கதிரவன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அவன் படுகின்ற பக்கம் படுவான்கரை. கச்சேரியும் வங்கிகளும் பெரியாஸ்பத்திரியும் எழுவான்கரையில் இருக்கின்றன. நெல்வயலும் மாட்டுப்பட்டியும் பெரும்பாலும் படுவான்கரையில் இருக்கின்றன. வெள்ளம் முதலில் புகுவதும் கடைசியாக வடிவதும் அந்தக் கரையிலேதான். நிவாரணம் அறிவிக்கப்படுவதோ இரண்டு கரையிலும் அல்ல, கொழும்பிலே!

2024 நவம்பர் இறுதியில் பெங்கால் புயலின் மழை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வயல்களை மூழ்கடித்தது. ஏக்கருக்கு 40,000 ரூபா வரையில் நட்டஈடு தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆண்டு அதே நவம்பரில் டிட்வா புயல் கிழக்குக் கரையால் நாட்டுக்குள் புகுந்தது. மலைநாடு சரிந்தது, அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், மாவிலாற்றுக் கட்டு உடைந்து வெருகல், மூதூர்ப் பக்கம் மகாவலி வெள்ளத்தில் மிதந்தது. இம்முறை நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 1,50,000 ரூபாவும் மரக்கறிக்கு 2,00,000 ரூபாவும் என்று அறிவிப்பு வந்தது. ஒரே ஆண்டில் தொகை உயர்ந்திருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கொடுத்ததைக் கொடுத்ததாகவே சொல்வோம். ஆனால் கொடுக்கப்படுவது யாருக்கு, எந்த நாளில், எந்தக் கணக்கில் என்று கேட்காமல் கைதட்டிவிட்டுப் போக நம்மால் இயலாது.

முதலில் நாளைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில் கமக்காரனுக்குப் பணத்தைவிட நாள் பெரிது.

படுவான்கரையின் பெரும்போகம் பெரும்பாலும் மழையை நம்பிய வேளாண்மை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி ஆகிய குளங்களின் கீழுள்ள காணிகளுக்குச் சிறுபோகமும் உண்டு; எஞ்சிய நிலமெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடப்பவை. புரட்டாசி பிறந்ததும் உழவு, ஐப்பசியில் விதைப்பு, மாசி பங்குனியில் வெட்டு என்பது பரம்பரையாக வந்த முறை. கார்த்திகையிலே வெள்ளம் வரும்போது பயிர் முழங்கால் உயரங்கூட இராது. நாலைந்து நாள் மூழ்கினால் பொறுக்கும். ஒரு கிழமை, பத்து நாள் கிடந்தால் அழுகும். அழுகிய வயலிலே மறுபடி விதைக்க வழியில்லையா என்றால், உண்டு. எண்பது நாளில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுங்கால நெல்லினங்கள் இருக்கின்றன. வெள்ளம் வடிந்த பத்துப் பதினைந்து நாளுக்குள் விதைநெல் கையில் கிடைத்தால், உழவு இயந்திரத்துக்கு வாடகை கையில் இருந்தால், அந்தப் போகத்தில் பாதியையாவது மீட்டுவிடலாம். அந்தப் பதினைந்து நாள் போனால் போனதுதான். பிறகு வருகின்ற பணம் கடன்காரனுக்குப் போகுமேயன்றி வயலுக்குப் போகாது.

நிவாரணம் அந்தப் பதினைந்து நாளுக்குள் வருகின்றதா? முதலில் அறிவிப்பு, பிறகு சுற்றுநிருபம், பிறகு படிவம். படிவத்தைக் கமநல சேவை நிலையத்திலே நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு சேத மதிப்பீட்டுக்கு உத்தியோகத்தர் வரவேண்டும். அவரும் என்ன செய்வார்? ஓர் உத்தியோகத்தருக்குப் பல கண்டங்கள், பல வட்டைகள். வீதியோ அறுந்து கிடக்கிறது. அவர் வந்து சேரும்போது நீர் வடிந்து, எஞ்சிய பயிர் பச்சை காட்டி நிற்கும். பச்சையைக் கண்டவர் சேதம் அரைவாசி என்று எழுதிப் போவார். அந்தப் பச்சையிலே கதிர் வருமா, வந்தாலும் நெல்லா பதரா என்பது தைமாதத்தில்தான் தெரியும். தைமாதத்தில் அவர் வரமாட்டார். வரும்படி அவருக்கு உத்தரவும் இல்லை.

இனித் தொகையைப் பார்ப்போம். நகரத்து நண்பர்கள் சிலர், “ஏக்கருக்கு அறுபதினாயிரம் கிடைக்கிறதே, இன்னும் என்ன குறை?” என்று கேட்கிறார்கள். ஹெக்டேயருக்கு ஒன்றரை இலட்சம் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ அறுபதினாயிரந்தான். 2025 பெப்ரவரியில் அரசாங்கமே நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. ஓர் ஏக்கரில் 1,500 கிலோ விளைகிறது என்று வைத்துக்கொண்டால், அரசாங்கம் சொன்ன விலைக்கே அதன் பெறுமதி 1,80,000 ரூபா. நட்டஈடு அதில் மூன்றில் ஒரு பங்கு. முந்திய ஆண்டின் நாற்பதினாயிரமோ நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. உழவு, விதை, உரம், களைநாசினி, கூலி என்று அவன் மண்ணிலே கொட்டிய பணம் திரும்பினாலே பெரிது. “வரையில்” என்ற ஒரு சொல் வேறு அறிவிப்பிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பதினாயிரம் வரையில் என்றால் நாலாயிரமும் அதற்குள் அடக்கந்தானே!

ஆயினும், தொகை குறைவு என்பதைக் காட்டிலும் பெரிய அநீதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. பேசினால் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர் என்பதாலோ என்னவோ!

மட்டக்களப்பிலே வயலுக்கு உடையவர் ஒருவர். வயலிலே இறங்குபவர் வேறொருவர். போடியார் காலம் மறைந்துவிட்டது என்கிறோம். போடியார் என்ற மதிப்புச் சொல் மங்கியிருக்கலாம். முல்லைக்காரன் என்ற பெயர் இளையோருக்குத் தெரியாமலும் இருக்கலாம். குத்தகை மறையவில்லை. உடையவர் எழுவான்கரையிலோ கொழும்பிலோ கடல்கடந்த நாட்டிலோ இருக்கிறார். போகத்துக்கு இத்தனை மூடை நெல் அல்லது இத்தனை ஆயிரம் ரூபா என்று வாய்ப்பேச்சில் குத்தகை முடிகிறது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குக் காணியிலே நிலைப்பாட்டைக் கொடுக்க வந்தது. பிலிப் குணவர்த்தன அதற்காக எவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்தார் என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் தெரியும். அதன் பின் எத்தனையோ திருத்தம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்வரை வந்துவிட்டோம். ஆனால் குத்தகைக்காரன் பெயர் பதிவேட்டில் ஏறினால் பிற்காலத்தில் உரிமை கேட்பான் என்று உடையவர் அஞ்சுகிறார். பெயரை ஏற்றச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகத்துக்குக் காணி கிடையாது என்று குத்தகைக்காரன் அஞ்சுகிறான். இரண்டு அச்சங்களுக்கும் நடுவிலே பதிவேடு பழைய பெயரோடு தூங்குகிறது.

வெள்ளம் யாருடைய பணத்தைக் கொண்டுபோயிற்று? இறங்கியவன் பணத்தை. நட்டஈடு யாருடைய கணக்கில் விழும்? பதிவேட்டில் உள்ளவர் கணக்கில். மனச்சாட்சியுள்ள உடையவர் கூப்பிட்டுக் கொடுக்கிறார். அத்தகையோரும் நம்மிடையே இருக்கிறார்கள். கொடாதவரை என்ன செய்வது? குத்தகையைக்கூட “வெள்ளம் வந்தது உன் விதி” என்று அறவிடுகின்றவர்களை நாம் அறிவோம். தமிழன் தமிழனுக்குச் செய்கின்ற இந்தக் கொடுமைக்கு எந்தக் கொழும்பு மந்திரியையும் குற்றஞ்சாட்ட முடியாது.

அடுத்தது மாடு. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் நெல்லைப் பற்றி எழுதக் கொழும்பிலும் ஆள் உண்டு. பட்டி மாட்டைப் பற்றி எழுத நம்மை விட்டால் யார்?

படுவான்கரையின் மாடு தொழுவத்து மாடு அன்று. நூறு, இருநூறு என்று பட்டியாகத் திரிவது. வயல் விதைக்கும் பருவத்தில் வயற்பக்கம் மாடு நிற்க முடியாது. ஆதலால் ஐப்பசியோடு பட்டிகளை மேற்கே, மயிலத்தமடு, மாதவனை என்ற மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்ப்பார்கள். வெட்டு முடிந்தபின் ஒட்டுத் தின்னக் கொண்டுவருவார்கள். வேளாண்மையும் பட்டியும் ஒன்றின் காலை மற்றொன்று மிதியாமல் வாழ முன்னோர் வகுத்த ஒழுங்கு அது. அந்தத் தரைகள் மகாவலித் திட்டத்தின் எல்லைக்குள் அடக்கப்பட்டன. போர் முடிந்தபின் வெளியார் அங்கே பயிர்செய்யப் புகுந்தார்கள். நூற்றாண்டுக்கணக்காக மேய்ந்த மாடு தன் தரையிலேயே அத்துமீறியது ஆயிற்று. 2023 செப்டம்பர் 15ஆம் திகதி பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி மட்டக்களப்புக்கு வந்தபோது செங்கலடியில் மறியலும் நடந்தது. ஓர் ஆண்டைக் கடந்தும் அந்தப் போராட்டம் நீண்டது.

இதற்கும் வெள்ள நிவாரணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மேய்ச்சல் தரை சுருங்கினால் மாடு பள்ளத்தில் நிற்கிறது. மேட்டிலே வேலி, பள்ளத்திலே வெள்ளம். மெலிந்த மாடு குளிரையும் தாங்காது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றிலே வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. குளிரே காரணம் என்று கால்நடைத் துறையினர் சொன்னார்கள். குளிர்தான் கொன்றது, ஆனால் அந்தக் குளிருக்கு முன்பே பசி அந்த மாடுகளை அரைவாசி கொன்றிருந்தது என்று பட்டிக்காரர்கள் சொன்னதை யார் எழுதிக்கொண்டார்கள்?

செத்த மாட்டுக்கு நட்டஈடு கேட்கப் போனால் முதற்கேள்வி, “பண்ணை பதிவு செய்யப்பட்டதா?” இரண்டாவது கேள்வி, “செத்த மாட்டை வைத்தியர் பார்த்தாரா?” இருபது மைல் காட்டுக்குள்ளே, மூன்று ஆறு பெருகி நிற்கையில், எந்த மிருக வைத்தியர் போய்ப் பார்ப்பார்? நாலு நாளில் நரியும் பருந்தும் தின்ற மாட்டுக்குக் காதிலே இலக்கத் தகடு இருந்ததா என்று கேட்டால் பட்டிக்காரன் எங்கே தேடுவான்? ஆயினும் மட்டக்களப்பு மாட்டுக்கு அடையாளம் இல்லாமல் இல்லை. குறி சுடும் வழக்கம் இங்கே தகட்டுக்கு முந்தியது. எழுத்துக் குறி, குடிக்குறி என்று சுட்ட அடையாளத்தைக் கண்டவுடன் இது இன்னாருடைய மாடு என்று நாலு ஊர் சொல்லும். களவு வழக்குகளிலே குறியைச் சாட்சியாக வைத்து வாதாடிய மாவட்டம் இது. நீதிமன்றத்துக்குப் போதுமான அடையாளம் நிவாரணக் காரியாலயத்துக்கு மட்டும் ஏன் போதாது?

பிற நாடுகளில் இந்தத் தொல்லை இல்லையா? உண்டு. அவர்கள் வழி தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவிலே புயலாலும் கடுங்குளிராலும் மாடு மடிந்தால் சந்தை விலையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு கொடுக்கும் திட்டம் 2008ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் வந்தது. 2014இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு புயலுக்கும் தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்கா செல்வ நாடு என்பீர்கள். நல்லது, கென்யாவைப் பாருங்கள். நம்மிலும் வறிய நாடு. மார்சபிட் என்ற வறண்ட பிரதேசத்திலே 2010ஆம் ஆண்டு மேய்ச்சற்காரருக்கு ஒரு காப்புறுதி தொடங்கினார்கள். செத்த மாட்டை எண்ணுவதே இல்லை. செய்மதியிலிருந்து தரையின் பசுமையை அளக்கிறார்கள். குறித்த அளவுக்குக் கீழே புல் குறைந்தால் அந்தப் பிரதேசத்தில் காப்புறுதி எடுத்தவர் அனைவருக்கும் பணம். வைத்தியர் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. நரி தின்றதா என்ற விசாரணையும் இல்லை. வறட்சிக்குச் செய்ததை வெள்ளத்துக்கும் செய்யலாம். எந்த வட்டை எத்தனை நாள் நீரில் கிடந்தது என்பதைச் செய்மதி காட்டும் காலத்திலே, நாம் இன்னும் படிவத்தை மூன்று பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

படிவம் என்றதும் ஒரு பழைய நினைவு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளியை மட்டக்களப்பில் யார் மறப்பார்? அப்போது யான் சிறுவன். எங்கள் வளவிலே தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. தந்தையார் ஒரு காரியாலயத்துக்கு மனுக்கொண்டு போனார். விழுந்த மரங்களை எண்ணிப் பார்க்காமல் சிபாரிசு செய்ய முடியாது என்றார்களாம். எண்ண வந்தவர் வந்தபோது இரண்டு மாதம் கழிந்திருந்தது. விழுந்த மரத்திலே வீட்டுக்குக் கூரைச் சட்டமும் அடுப்புக்கு விறகும் ஆகி, வளவு வெறிச்சோடிக் கிடந்தது. “இங்கே மரம் நின்றதற்கு என்ன அத்தாட்சி?” என்று அவர் கேட்டார். தந்தையார் அவரை வீட்டுக்குள்ளே அழைத்து, கூரையைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டுப் போனார். நட்டஈடு வரவில்லை. நாற்பதாண்டு கடந்து இன்றும் அதே கேள்வி மாட்டைப் பற்றிக் கேட்கப்படுவதால்தான் இதை எழுதினேன்.

காப்புறுதி நம் நாட்டுக்குப் புதிதன்று. நெல்லுக்குப் பரீட்சார்த்தமாக 1958இல் தொடங்கி, 1961ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமாகி, 1973இல் தனிச் சபையாகி, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையாக நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம்! நெல், சோளம் முதலிய ஆறு பயிர்களுக்குக் கட்டணமின்றியே காப்புறுதி என்பதும் வந்திருக்கிறது. எனினும் கமக்காரன் அதை உரிமையாகக் காண்பதில்லை. ஏன்? ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் தொகை மந்திரிசபையில் முடிவாகிறது. மந்திரியின் வாயால் அறிவிக்கப்படுகிறது. மாலையோடும் படத்தோடும் வழங்கப்படுகிறது. முன்கூட்டியே இன்ன சேதத்துக்கு இன்ன தொகை என்று எழுதிவைத்திருந்தால் மாலைக்கு வேலை இருக்காது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் பின்வாங்கி, 2022 ஜனவரியில் நாலாயிரம் கோடி ரூபா நட்டஈடு என்று அறிவித்தார்களே, அதுவும் இந்த வகைதான். அந்த முறை அழிவைக் கொண்டுவந்தது வானம் அல்ல என்பது மட்டுமே வித்தியாசம்.

வாவியின் முகத்துவாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல்மேடு கட்டி நிற்கும் வாயை எந்த நாளில் வெட்டுவது என்பதிலே வயற்காரனுக்கு ஒரு நியாயம், மீன்காரனுக்கு வேறு நியாயம். முந்தி வெட்டினால் வாவியின் இறாலும் மீனும் கடலுக்குப் போகும். பிந்தி வெட்டினால் தாழ்நில வயல் அழுகும். இருவர் நியாயமும் நியாயமே. வெட்டும் நாளை யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தின் நட்டம் மற்றவர் தலையில். நிவாரணப் பட்டியலிலே வாவி மீனவன் பெயர் பெரும்பாலும் கடைசியில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொய்க்கணக்குக் காட்டுவோர் இல்லையா, 2022இல் வங்குரோத்தான நாட்டுக்கு இவ்வளவு கொடுக்க முடியுமா என்று எதிர்வாதம் வரும். பொய்க்கணக்குக் காட்டுவோர் உண்டு. விதைக்காத வட்டைக்குச் சேதம் எழுதியவரை நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு மருந்து, படிவத்தில் இன்னும் நாலு பக்கம் சேர்ப்பதன்று. பட்டியலைக் கமநல சேவை நிலையத்தின் சுவரிலே தமிழில் ஒட்டுங்கள். பெயர், வட்டை, ஏக்கர், தொகை நான்கும் தெரியட்டும். எந்தக் கண்டத்தை யார் விதைத்தான் என்பது வட்டவிதானைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வரம்புக்காரனுக்குத் தெரியும். பெயரைச் சுவரில் கண்ட மறுநாளே பொய் வெளிப்பட்டுவிடும். அதே பட்டியலிலே உடையவர், விதைத்தவர் என்று இரு நிரல்கள் இருக்கட்டும்; நட்டஈடு விதைத்தவருக்கு என்று சட்டம் சொல்லட்டும்; அந்த நிரலில் பெயர் வந்ததனால் மட்டும் காணியுரிமை வராது என்றும் அதே சட்டம் சொன்னால் உடையவரின் அச்சமும் தீரும்.

வங்குரோத்து என்ற வாதத்துக்கும் மறுமொழி உண்டு. நாம் கேட்பது முதற்கண் புதிய பணம் அன்று. இருக்கிற பணத்துக்கு வேகம். உர மானியம் என்று ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, இரண்டு ஹெக்டேயர் வரையில், 2024 பெரும்போகத்திலிருந்து கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகின்றது. ஆகவே பெயரும் கணக்கிலக்கமும் ஏக்கரும் அரசாங்கத்தின் கையிலே ஏற்கெனவே இருக்கின்றன. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோல் வெள்ளம் என்று காட்டிய வட்டைகளுக்கு, மதிப்பீட்டுக்குக் காத்திராமல், நட்டஈட்டில் நாலில் ஒரு பங்கை அதே கணக்குக்கு ஒரு கிழமைக்குள் அனுப்பட்டும். எஞ்சியதை வெட்டுக்காலத்தில் கதிரைப் பார்த்துக் கணக்குத் தீர்க்கட்டும். விதைநெல்லைக் கார்த்திகைக்கு முன்பே வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் கிரானிலும் மேட்டுநிலக் களஞ்சியங்களில் சேர்த்துவைக்கட்டும். பாலம் மூழ்கியபின், துறை நின்றபின், எழுவான்கரையில் இருக்கும் விதைநெல்லால் படுவான்கரைக்கு என்ன பயன்?

மாட்டுக்குக் குறியையே பதிவாக ஏற்றுக்கொள்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றுநிருபம் போதும். மயிலத்தமடுவும் மாதவனையும் மேய்ச்சல் தரை என்று வர்த்தமானியில் ஏறுவதற்கு வேண்டியது ஒரு கையெழுத்து. இவ்விரண்டையும் மாவட்ட அபிவிருத்திக் குழுவிலே நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தில் எழுப்புவார்களா? எழுப்பியதாக அறிக்கை விடுவதைக் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பிலே ஏறியதா, எந்த அதிகாரி எந்தத் திகதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதைக் கேட்கிறோம். ஐப்பசியில் பட்டிகள் மேற்கே சாய்வதற்கு முன் அந்தத் திகதி வரவேண்டும்.